நீலப் போர்வையும் இரண்டு முடிச்சும்

எங்கள் தெருவில் எந்நேரமும் திறந்தே இருக்கிற ஒரே பொருள் என் மனைவியின் வாய்தான். இதை அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன், அதற்கான பலனையும் அனுபவித்திருக்கிறேன்.

மற்றதெல்லாம் மூடித்தான் இருக்கும். தண்ணீர் டிரம்முக்குப் பலகை, மாவு டப்பாவுக்கு மூடி, அந்த மூடிக்கு மேல் ஒரு துணி, டிவிக்கு உறை. எதிர்வீட்டுத் தையல்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தால் அதன் மேலும் ஒரு கைக்குட்டை போடுவார். எல்லாம் தெருவுக்குப் பின்னால் இருக்கிற கல்குவாரியின் உபயம். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே சங்கு ஊதும். ஐந்து நிமிடத்தில் வெடி வைப்பார்கள். இன்னும் பத்து நிமிடத்தில் தூசி எங்கள் தெருவுக்கு வந்துவிடும், ஒரு வீட்டையும் விட்டுவைக்காமல். அதனால் சங்குச் சத்தம் கேட்டால் எங்கள் கைகள் யாரையும் கேட்பதில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை மூடிவிடும். பேசிக்கொண்டே மூடுவோம், சண்டை போட்டுக்கொண்டே மூடுவோம்.

நான் வேறு ஊரில் வளர்ந்தவன். கல்யாணமான புதிதில் எனக்கு இந்தப் பழக்கம் கிடையாது. "ஏங்க, டம்ளரை மூடுங்க", "ஏங்க, கையில பிளாஸ்டிக் கவர்தானே இருக்கு, ரேடியோ மேல போட்டா என்ன?" என்று பதினோரு வருடம் பாடம் நடந்தது. மாடியில் எதை மூடினாலும் காற்றில் பறக்காதபடி கயிற்றால் கட்டி இரண்டு முடிச்சுப் போட வேண்டும் என்பது அவள் சட்டம். ஒரு முடிச்சுப் போட்டு அவளிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள் தனி.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், எங்கள் வீட்டில் உலை வைப்பதே அந்தக் குவாரிச் சம்பளத்தில்தான். அங்கே எடைமேடையில் எனக்கு வேலை. லாரி காலியாக வரும்போது ஒரு எடை, கல் ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு எடை. இரண்டையும் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். நான் பகலெல்லாம் குவாரிக்கு எழுதுகிறேன், என் மனைவி குவாரிக்கு எதிராக எழுதுகிறாள். கனிமத் துறைக்கு, சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கு, சுகாதார அலுவலகத்துக்கு என்று இதுவரை நாற்பதுக்கு மேல் மனு. பேனா வாங்கிக் கொடுப்பது நான்.

குவாரியில் அவளுக்கு மனு மகாராணி என்று பெயர். மேலாளர் காலையில் என்னைப் பார்த்ததும், "என்ன எடைக்காரரே, மகாராணி இன்னிக்கு யாருக்கு எழுதறாங்க?" என்பார்.

"இன்னிக்கு லீவு சார். மை தீந்துபோச்சு."

"அப்பாடா" என்று அவர் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். மெல்லப் பேசுவார், நிறைய வியர்ப்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவர் வீடு குவாரியிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான்.

சிரிப்பெல்லாம் போன வருடத்தோடு சரி. எங்கள் மகளுக்கு எட்டு வயது, எங்களுக்கு அவள் இன்னும் சின்னதுதான். சின்னதுக்கு இழுப்பு. சங்கு ஊதிய சாயங்காலங்களில் அவள் நெஞ்சுக்குள்ளிருந்து பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அவள் அறை ஜன்னலைத் திறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. இந்த நேரத்தில்தான் குவாரிக்காரர்கள் இன்னொரு விண்ணப்பம் போட்டார்கள். கல்லைப் பொடிப்பொடியாக நொறுக்கும் பெரிய மெஷின் இப்போது குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதை இந்தப் பக்கம், சரியாக எங்கள் தெருவுக்குப் பின்னால் கொண்டுவர வேண்டுமாம். வீடுகளுக்கும் அந்த மெஷினுக்கும் நடுவில் ஐந்நூறு மீட்டர் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தூசி அளவோடு இருந்தால் இருநூறாகக் குறைக்கலாம் என்று அதே விதியின் வாலில் ஒரு வரியும் இருக்கிறது.

டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. "அந்த மெஷின் இந்தப் பக்கம் வந்தா பொண்ணை இங்க வச்சுக்காதீங்க" என்றார். வீட்டை விற்கலாம் என்றால் அந்தத் தெருவில் வீடு வாங்க எவன் வருவான்? கடைசியில் வெளியூரில் இருக்கும் என் தங்கை, "எங்கிட்ட விடுங்கண்ணா, நான் படிக்க வைக்கறேன்" என்றாள். என் மனைவி ஒரு பெட்டியை எடுத்து மகளின் துணிகளைப் பாதி அடுக்கினாள், பாதியில் நிறுத்தினாள், கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அதன் மேலும் ஒரு துணி போட்டு மூடினாள்.

நாற்பத்தொன்றாவது மனுவுக்குப் பலன் கிடைத்தது. முடிவு எடுப்பதற்கு முன் எங்கள் தெருவில் தூசியை அளந்து பார்ப்பதாகச் சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அளக்கும் கருவியை எங்கள் மாடியிலேயே வைக்கப் போகிறார்களாம். என் மனைவி அந்தக் கடிதத்தைத் தெருவுக்கே படித்துக் காட்டினாள். எதிர்வீட்டுத் தையல்காரருக்கு இரண்டு தடவை.

சொன்ன நாளில் ஒரு பெண் அதிகாரி வந்தார். இடுப்பு உயரத்துக்கு, தலையில் சின்னக் கூரை வைத்த ஒரு இரும்புப் பெட்டியை மாடியில் நிறுத்தினார். அது காற்றை உறிஞ்சும், உள்ளே இருக்கிற வெள்ளைத் தாள் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தாளை முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் எடை போடுவார்கள். எனக்குச் சட்டென்று புரிந்துபோயிற்று. காலி லாரி, பாரம் ஏற்றிய லாரி.

"இருபத்துநாலு மணி நேரம் ஓடணும். நுட்பமான கருவி, பத்திரமாப் பாத்துக்கோங்க" என்றார் அதிகாரி.

"என் வீட்டுக்காரர் லீவு போட்டுட்டு காவல் இருப்பாரு, மேடம்" என்றாள் என் மனைவி. நான் லீவு போட்ட செய்தி எனக்கே அப்போதுதான் தெரியும்.

காவல் என்றால் காவல். நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அணிலை விரட்டினேன். மறுநாள் காலையில் அதிகாரி வந்து தாளை எடுத்து உறையில் போட்டுக்கொண்டு, "நல்லாப் பாத்துக்கிட்டீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று முழுக்க எடைமேடையில் சீட்டுகளைச் சிரித்த முகத்தோடு கிழித்துக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, எனக்கு வார விடுமுறையான ஒரு நாளில், முடிவு வந்தது. தூசி, அனுமதிக்கப்பட்ட அளவில் கால்வாசிகூட இல்லை. கடைசி வரியில், 'காற்றின் தரம் நன்று' என்று எழுதியிருந்தது.

என் மனைவி அதை மூன்று தடவை படித்தாள். நாலாவது தடவை படிக்கவில்லை. உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, மீதித் துணியை அடுக்க ஆரம்பித்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குப் பழக்கம்தான். பதினோரு வருடத்தில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போது மணி நாலு. சங்கு ஊதிற்று. நான் எழுந்து தண்ணீர் டிரம்மை மூடினேன், டிவியை மூடினேன், மாடிக்குப் போய்க் காய்கிற துணியை எடுத்துவிட்டு, மூலையில் இருந்த, தையல்காரர் எங்களுக்குத் தந்த பழைய மேசைமீது நீலப் போர்வையைப் போட்டுக் கயிற்றால் சுற்றினேன். ஒரு முடிச்சு. இரண்டாவது முடிச்சில் என் கை அப்படியே நின்றுவிட்டது.

அடப்பாவி!

அன்றைக்கும் நாலு மணிக்குச் சங்கு ஊதியது. அன்றைக்கும் காவலை விட்டுக் கீழே இறங்கி, எல்லாவற்றையும் மூடிவிட்டு மாடிக்கு வந்தேன். இதே போர்வை. இதே கயிறு. நுட்பமான கருவி, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களே, தூசி பட்டால் என்ன ஆவது? மறுநாள் விடிந்ததும் எல்லாவற்றையும் திறக்கிற மாதிரி அதையும் திறந்துவிட்டு, போர்வையை உதறி மடித்து வைத்திருக்கிறேன். தூசியை அளக்க வந்த பெட்டிக்குத் தூசி படாமல் காவல் காத்த ஒரே மனிதன் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

உடனே ஓடிப்போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம். அவள் திட்டுவாள் என்ற பயமா? அதெல்லாம் எனக்குத் தூசு. நான் குவாரியில் சம்பளம் வாங்குகிறவன். 'மேலாளர் சொல்லித்தான் மூடினீங்களா?' என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால், அதற்கப்புறம் நான் அந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பேன்? மூன்று நாள் அவள் பின்னாலேயே சுற்றினேன். வாயைத் திறப்பேன், மென்று விழுங்குவேன்.

"என்னங்க, பல் வலியா?" என்றாள்.

"ஆமா" என்றேன். கிராம்பு கொடுத்தாள். அதையும் மென்றேன்.

நாலாவது நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். மூன்று மணிக்கு ஆரம்பம். முன்னால் ஒரு மேசை, அதற்குப் பின்னால் அந்தப் பெண் அதிகாரி, பக்கத்தில் எங்கள் மேலாளர். எதிரே தெரு மொத்தமும். எங்கள் எல்லோர் கையிலும் கூட்ட அறிவிப்புத் தாள் ஒன்று. முக்கால் மணி நேரம் கழிந்ததும் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளரில் டீ வந்தது. குவாரியின் செலவு என்பதால் சர்க்கரை தாராளமாக இருந்தது.

மேலாளர் எழுந்து முடிவுத் தாளைப் படித்தார். "காற்றின் தரம் நன்றுன்னு அரசாங்கமே சொல்லுது. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

என் மனைவி எழுந்தாள். "இந்த முடிவை நான் ஒத்துக்க மாட்டேன். ஒண்ணு அந்த மெஷின் பழுது. இல்லேன்னா தாளை யாரோ மாத்திட்டாங்க. மேடம், நேராவே கேக்கறேன், நீங்க யார்கிட்ட…"

அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. நாற்பத்தொரு மனுவில் ஒன்றையாவது மதித்து வந்த ஒரே ஆள் அந்தப் பெண்தான். அவரைப் பார்த்து என் மனைவி அந்த வார்த்தையைச் சொல்லி முடித்துவிட்டால் எல்லாம் போச்சு. நான் எப்படி எழுந்து மேசைக்கு முன்னால் போனேன் என்று எனக்குத் தெரியாது.

"மெஷின்ல பழுது இல்ல. அதை நான் மூடிட்டேன்."

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது.

"சங்கு ஊதிச்சு. எல்லாத்தையும் மூடினேன். அதையும் மூடிட்டேன். காலையில திறந்துட்டேன். வேணும்னு செய்யலை. சத்தியமா வேணும்னு செய்யலை" என்றேன். சொல்லிவிட்டுத் திருதிருவென்று விழித்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "குவாரி ஆளு வேற என்ன பண்ணுவான்?" என்றார். இன்னொருவர், "எவ்வளவு கொடுத்தாங்க?" என்றார். முன்னாலிருந்து மேலாளர் இரண்டு கையையும் விரித்தார். "பொண்டாட்டிக்காக இப்போ புதுசாக் கதை கட்டறாரு மேடம். தூசி அளக்கற மெஷினை யாராவது பழக்கதோஷத்துல மூடுவாங்களா?" என்றார். தெருவும் என்னை நம்பவில்லை, குவாரியும் நம்பவில்லை. நான் பார்த்தது என் மனைவியை மட்டும்தான்.

அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எதால மூடினீங்க?" என்றாள்.

"மாடியில இருக்கற நீலப் போர்வை."

"காத்துல பறக்கலையா?"

"கயித்தால கட்டினேன்."

"எத்தனை முடிச்சு?"

"ரெண்டு" என்றேன்.

அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. "மேடம், இவரைச் சந்தேகப்படாதீங்க. காசு வாங்கிட்டு மூடறவன் ரெண்டு முடிச்சுப் போட மாட்டான். இது நான் பழக்கினது. தப்பு என்னோடது. உங்களைப் பத்திப் பேச வந்தேனே, அதுக்கும் மன்னிச்சிடுங்க" என்றாள்.

அவள் என்னை நம்பினாள். எனக்கு அது போதும் என்றிருந்தது. ஆனால் அதிகாரிக்குப் போதவில்லை. ஒரு கோப்பைப் புரட்டினார். "அன்னிக்கு நாலேகாலுக்கு அப்புறம் காத்து இழுக்கறது கொறைஞ்சிருக்குன்னு குறிப்பு இருக்கு. கரண்ட் கம்மியா இருந்திருக்கும்னு நினைச்சோம். ஆனா அதை மட்டும் வச்சு…" என்று இழுத்தார்.

"அதானே மேடம்!" என்றார் மேலாளர். "சொல்லுங்க, எந்த ஊர்லயாவது இப்படி…"

சங்கு ஊதிற்று.

கூட்டம் நடக்கிறது, இன்றைக்கு வெடி வேண்டாம் என்று வெடிக்காரரிடம் சொல்ல மேலாளர் மறந்திருக்கிறார். பாவம், அவருக்கு ஆயிரம் வேலை. அவர் வாயைத் திறந்தபடி நின்றார். மண்டபத்தில் இருந்த எங்களில் யாரும் வாயை மூடவில்லை, அவரவர் சண்டையை அவரவர் தொடர்ந்துகொண்டிருந்தோம். கைகள் மட்டும் ஒரே நேரத்தில் அசைந்தன. எழுபது எண்பது பேர், ஆளுக்கொரு அறிவிப்புத் தாள், ஆளுக்கொரு டீ டம்ளர். தாளை டம்ளர் மேல் போட்டார்கள். 'குவாரி ஆளு' என்று என்னைத் திட்டியவர் திட்டிக்கொண்டே போட்டார். தையல்காரர் தன் டம்ளருக்குத் தாளும் கண்ணாடிக்குக் கைக்குட்டையும் போட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மகள் தன் டம்ளரைக் கையால் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி அப்படியே உறைந்துபோய்ப் பார்த்தார். வரிசை வரிசையாக மூடிய டம்ளர்கள். மண்டபத்திலேயே திறந்திருந்தவை இரண்டுதான், அவருடையதும் மேலாளருடையதும்.

மேலாளருடையது என்று சொன்னேன் அல்லவா, அதுவும் ரொம்ப நேரம் திறந்திருக்கவில்லை. அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தேனா, என் கை நீண்டு, மேசையில் இருந்த ஒரு தாளை எடுத்து அவர் டம்ளரை மூடிவிட்டது. மூடிய பிறகுதான் எந்தத் தாள் என்று பார்த்தேன். 'காற்றின் தரம் நன்று' என்ற வரி டம்ளரின் மேல் விழுந்திருந்தது.

முதலில் சிரித்தது அதிகாரிதான். அப்புறம் மண்டபமே சிரித்தது, என்னைத் திட்டியவரும் சேர்ந்து. சிரிப்பு அடங்குவதற்குள் வெடி வெடித்தது, ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்றன. அதிகாரி யாரையும் பேச விடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். பிறகு தன் டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். டீயின் மேல் மெல்லிய சாம்பல் நிற ஆடை படிந்திருந்தது. விரலால் மேசையில் ஒரு கோடு இழுத்தார். கோடு தெரிந்தது. சின்னது இருமினாள். அதிகாரி அவளையும் பார்த்தார்.

"இந்த முடிவு செல்லாது. மறுபடியும் அளப்போம். மூணு நாள் அளப்போம், எப்போன்னு யாருக்கும் சொல்ல மாட்டோம்" என்றார். என்னிடம் திரும்பி, "நீங்க அந்தப் பக்கமே வரக் கூடாது" என்றார்.

கலைந்து போகும்போது மேலாளர் என் தோளருகே வந்து, "நாளைக்கு ஆபீஸ்ல பேசலாம், எடைக்காரரே" என்றார். மறுநாள் போனால், உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலை போய்விட்டது என்றே வைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே ஒரு காலையில் கருவி வந்து தையல்காரர் மாடியில் ஏறிவிட்டது. பக்கத்திலேயே ஒரு அலுவலக ஊழியர் மூன்று நாளும் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் எனக்கென்று தனியாக ஒரு சட்டம் வந்தது. மூன்று நாளும் சரியாக மூன்றே முக்காலுக்கு என்னை உள்ளே விட்டு என் மனைவி வெளியே பூட்டுப் போட்டாள். சங்கு ஊதும்போது கை பரபரக்கும். வீட்டில் மூட இனி ஒன்றும் இல்லை என்றானதும், மூன்றாம் நாள் என் தலையிலேயே துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தாளில் சேர்ந்த தூசி இந்தத் தடவை அனுமதித்த அளவைப் போல இரண்டு மடங்கு. உத்தரவு வந்தது. மெஷின் இந்தப் பக்கம் வரக் கூடாது. அந்தப் பக்கம் இருக்கிற மெஷினையும் நாலு பக்கம் அடைத்துக் கூரை போட்டு மூட வேண்டும். வெடிக்கு முன்னும் பின்னும் தண்ணீர் தெளிக்க வேண்டும். கல் லாரி ஒவ்வொன்றும் தார்ப்பாய் போட்டுக் கட்டித்தான் வெளியே போக வேண்டும், அதைச் சரிபார்க்கத் தனியாக ஒரு ஆள் வேண்டும். செய்கிறார்களா என்று பார்க்க மாதம் ஒருமுறை அதிகாரி வருவார். என் மனைவி உத்தரவை உரக்கப் படித்துவிட்டு, "பதினோரு வருஷமா நாம எதையெதையோ மூடினோம். மூட வேண்டியதை இப்பதாங்க மூடப் போறாங்க" என்றாள்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உத்தரவு அவர் கையில் இருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தார்ப்பாய் பாக்கறதுக்கு ஒரு ஆள் போடச் சொல்றாங்க. இந்த ஊர்ல உங்களை விட்டா யாருய்யா இருக்கா?" என்றார்.

அன்றிலிருந்து அதுதான் என் வேலை. இரண்டு முடிச்சு இல்லாமல் ஒரு லாரியும் வாசலைத் தாண்டுவதில்லை. டிரைவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

தூசி ஒரே நாளில் போய்விடவில்லை. கூரை போடவே மூன்று மாதம் ஆயிற்று, அதற்கும் என் மனைவி இரண்டு மனு எழுத வேண்டியிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மகளின் அறையில் உட்கார்ந்து மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கட்டிலுக்கு அடியிலிருந்து மகள் பெட்டியை வெளியே இழுத்துப்போட்டிருந்தாள். துணியெல்லாம் அலமாரிக்குத் திரும்பிவிட்டது, பெட்டியில் இப்போது அவள் பொம்மைகள் குடியிருக்கின்றன. ஜன்னல் திறந்திருந்தது.

நாலு மணிக்குச் சங்கு ஊதிற்று. என் கை டம்ளரை நோக்கிப் போயிற்று. என் மனைவி அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"விடுங்க. பாக்கலாம்" என்றாள்.

வெடித்தது. காத்திருந்தோம். பத்து நிமிடம் கடந்தது. சின்னது தரையில் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள், நான் அவள் நெஞ்சில் அந்தப் பழைய சத்தம் வருகிறதா என்றுதான் காது கொடுத்திருந்தேன். கேட்கவில்லை. மூச்சு வந்தது, போயிற்று, அவ்வளவுதான்.

"அப்பா, டம்ளருக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க" என்றாள் சின்னது.

எட்டிப் பார்த்தேன்.

"டீதாம்மா இருக்கு" என்றேன்.